மறைந்த நூறு ரூபா

பம்பலப்பிட்டிக் கடையொன்றின் வரவுகளைக் கணனி அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையான வரவு 125 ரூபா. தாளிலோ 25 என்றே காண்கின்றது. அதுவும் புதியதொரு பக்கத்தின் தலைப்பில். நூறு ரூபா எங்கே மறைந்தது?

கணக்கிற் பிழையில்லை. 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட போர்ட்ரான் மொழியின் பழைய மரபுப்படி, அச்சுப்பொறிக்குச் செல்லும் ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் அச்சில் வாராது; தாளை நகர்த்தும் கட்டளையாகவே அது கொள்ளப்படும். வெற்றிடமாயின் தாள் ஒரு வரி நகரும்; 0 ஆயின் இரண்டு வரி; 1 ஆயின் அடுத்த பக்கம். கூட்டற்குறியாயின் தாள் நகராது. முன்னைய வரியின் மேலேயே அச்சு விழும். ஆகவே, 125இன் முதல் இலக்கம் கட்டளையாகிவிட்டது.

1959இல் அறிமுகமான ஐ.பி.எம். 1403 அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரி அச்சிட்டது. 1இல் தொடங்கும் எண்கள் நிரலாக வந்தால், வரிக்கொரு பக்கம் வீணாகும்!

பரிகாரம் எளிது: வரியமைப்பைக் கூறும் கூற்றில், எண்ணுக்கு முன் ஓர் இடத்தை வெறுமையாக விடுதல் வேண்டும்.

2003ஆம் ஆண்டின் நியமம் இவ்விதியை நீக்கிவிட்டது. எனினும் பழைய நிரல்களின் வெளியீட்டை இன்றைய அச்சுப்பொறிக்கு அனுப்பினால், அக்கட்டளை இலக்கங்கள் தாளின் இடவோரத்தில் அச்சாகிவிடக்கூடும். அவற்றைத் தொகையோடு சேர்த்து வாசித்தால், அன்று குறைந்த கணக்கு இன்று கூடிவிடும்.