குடிக்கூலிக் கணக்கு

வீட்டு வாடகையைக் குறிக்கத் தமிழில் குடிக்கூலி என்றொரு சொல் உண்டு. பேச்சு வழக்கில் அச்சொல் அருகிவிட்டது. வாடகை என்பதே எங்கும் நிலைபெற்றுள்ளது. ஆயினும், கூலி பெற்று உழைக்கும் ஒருவர் அக்கூலியில் ஒரு கூற்றைத் தாம் குடியிருக்கும் இடத்திற்குக் கூலியாகத் திருப்பிக் கொடுக்கின்றார் என்னும் உண்மையைப் பழைய சொல் காட்டுவதுபோலப் புதிய சொல் காட்டுவதில்லை. அக்கூலியைக் குறைக்கும் பொருட்டுப் பெரிய வீட்டை விட்டுச் சிறிய அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் முதலிய கெடா நகரங்களில் உண்டு. அவர்தம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிகளில் பயில்வோராதலின், இஃது ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகின்றது.

வருவாய் குறையக் குறைய அதில் வாடகை விழுங்கும் பங்கு கூடும் என்பதை 1868-இல் பெர்லின் நகரத்துப் புள்ளியியலார் எர்மன் சுவாபே கணக்கிட்டுக் காட்டினார். செல்வர் பெருந்தொகை கொடுப்பினும் அது அவர்தம் வருவாயில் சிறு பங்கே. ஏழை சிறுதொகை கொடுப்பினும் அவனுக்கு அது பெரும்பங்கு. அமெரிக்காவில் பொது வீடுகளில் குடியிருப்போர் வாடகை அவர்தம் வருவாயில் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என 1969-இல் வரையறுத்தனர். 1981-இல் அவ்வரம்பு 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மலேசியாவில் 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி. அதில் 30 விழுக்காடு 510 வெள்ளியாம். ஒருவர் மட்டும் அவ்வூதியம் பெறும் இல்லத்தில் வாடகை 900 வெள்ளியாயின், பாதிக்கு மேல் வீட்டுக்காரருக்கே போய்ச் சேரும். சேமநிதிக்கான 11 விழுக்காட்டுப் பிடித்தமும் போக எஞ்சுவது எதற்கு ஆகும் என்பதை எவரும் கணக்கிடலாம்.

தோட்டப்புறத்திலிருந்து நகருக்கு வந்த தமிழர்க்கு இக்கணக்கு ஒரு தலைமுறைக்கு முன்னர் வரை புதிது. 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷார் மேலாட்சிக்குள் வந்தபின், கூலிம், கோலமூடா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தினின்றும் வந்தோர்க்கு நிர்வாகமே குடியிருக்க இடம் கொடுத்தது. அவ்விடத்தின் பெயர் லயம். வரிசை எனப் பொருள்படும் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத்தார் நாவில் அவ்வாறு திரிந்தது. தாளத்தோடு சேர்த்துச் சொல்லும் லயத்திற்கும் இதற்கும் உறவில்லை. லயத்திற்கு வாடகை கிடையாது. ஆனால் அஃது இலவசமும் அன்று. வேலையோடு வந்து வேலையோடு போவது. வேலை போயின் வீடும் போம்.

1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டு விற்கப்பட்டபொழுது இவ்வுண்மை பல்லாயிரவர்க்கும் விளங்கிற்று. அத்துண்டாடலை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு பங்குப் பணத்தைத் திரட்டிச் சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பது இம்மாநிலத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட இயலுமோ? பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிலம் தொழிற்பேட்டையாகவும் தாமான்களாகவும் மாறியது. 1996-இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்துப் பிள்ளைகள் ஆலைகளுக்குச் சென்றனர். அவர்தம் ஊதியம் தோட்டக் கூலியினும் மிகுதியாயிருந்தது உண்மையே. எனினும், பெற்றோர் ஒருபோதும் எண்ணிக் கொடுத்திராத குடிக்கூலியை அவர்கள் மாதந்தோறும் எண்ணிக் கொடுக்கலாயினர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். லயத்து அறை மிகச் சிறியது. ஆனால் லயத்து வீடு சிறியதன்று. உள்ளே ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி, முன்னால் அஞ்சடி. அதற்கு அப்பால் துணி உலர்த்தும் கொடி, முருங்கை மரம், வாழை, கோழிக்கூடு, சிலர்க்கு ஆட்டுக் கொட்டில், பிள்ளைகள் ஓடிப்பிடிக்கும் திடல், பந்தல் போடக் கோயில் முற்றம். பாதி வாழ்க்கை கூரைக்கு வெளியே நடந்தது. அடுக்குமாடியின் இயல்பு இதற்கு நேர்மாறு. மக்கள் வீடமைப்புத் திட்டத்து வீடு ஒன்றில் 700 சதுர அடிப் பரப்பும் மூன்று படுக்கையறைகளும் உண்டு. லய அறையோடு ஒப்பிடின் அது மாளிகை எனலாம். ஆனால் வாயிற்கதவைத் தாண்டினால் குடும்பத்திற்கென ஒரு முழ இடமும் இல்லை. லயத்தில் வெளியே செய்த அத்தனையும் உள்ளே வந்தாகவேண்டும். அன்றேல் காசு கொடுத்து வெளியே செய்துகொள்ள வேண்டும். சதுர அடியை மட்டும் அளந்து வீட்டைத் தேர்வோர் தவறவிடுவது இதுவே.

ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: தாய், தந்தை, பாட்டி, மூன்று பிள்ளைகள். வேலைக்குச் சென்ற இருவரில் ஒருவர்க்கு வேலை போயிற்று. 900 வெள்ளி வாடகையுள்ள தாமான் வரிசை வீட்டை விட்டு 550 வெள்ளி அடுக்குமாடிக்குச் செல்ல எண்ணுகின்றனர். மாதம் 350 வெள்ளி மிச்சம் எனத் தோன்றும். புதிய வீட்டிற்கு இரண்டு மாத வாடகை முன்பணமாகவும், மின்சாரம் தண்ணீருக்கென அரைமாத வாடகையும், முதல் மாத வாடகையும் கொடுப்பது நாட்டு வழக்கம். ஆகக் கூடி 1,925 வெள்ளி. பழைய வீட்டு முன்பணம் 2,250 வெள்ளி திரும்பி வரும். ஆனால் வீட்டைக் காலி செய்து, சாவியைக் கொடுத்து, பாக்கி பார்த்த பின்னரே வரும். எனவே கொடுக்கும் நாளுக்கும் வாங்கும் நாளுக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. வாடகையைக் குறைக்கப் புறப்பட்டவர் அப்பள்ளத்தைத் தூர்க்க வட்டிக்கு வாங்குவாராயின், மிச்சம் வட்டிக்காரனுக்கே ஆகும்.

லோரிக் கூலி, முத்திரைக் கட்டணம், பூட்டு, விளக்கு என மீளாச் செலவு 475 வெள்ளி என்க. 350 வெள்ளி மிச்சமாயின் ஒன்றரை மாதத்தில் அது ஈடாகிவிடும். ஆனால் புதிய வீடு பள்ளிக்குத் தொலைவாயின் இரு பிள்ளைகளின் வேன் கட்டணம் 160 வெள்ளி. ஆலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் எண்ணெய் 60 வெள்ளி. மழைக்காலத்தில் துணி உலர்த்த இடமின்றிச் சலவை இயந்திரக் கடைக்கு 50 வெள்ளி. இம்மூன்றும் 270. உண்மை மிச்சம் 80 வெள்ளியே. முன்னர் ஒன்றரை மாதத்தில் ஈடான செலவு இப்பொழுது ஆறு மாதம் கேட்கும். இவை எடுத்துக்காட்டுத் தொகைகளே. ஒவ்வொரு குடும்பமும் தன் தொகைகளை இட்டுப் பார்க்கலாம். இதனால் சிறு வீடு வேண்டாமென்பதில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் நடந்து செல்லும் தொலைவில் 600 வெள்ளிக்குக் கிடைக்கும் வீடு, தொலைவிலுள்ள 550 வெள்ளி வீட்டினும் மலிவாயிருக்கக்கூடும் என்பதே கருத்து.

அரசு வழங்கும் மக்கள் வீடமைப்புத் திட்டத்து வாடகை வீடு கிடைப்போர்க்குக் கணக்கே வேறு. அங்கு மாத வாடகை 124 வெள்ளி. தகுதியுள்ளோர் பெயரைப் பதிந்து காத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை. ஆனால் கிடைத்துவிடும் என நம்பிக் கட்ட முடியாத வாடகையில் ஓராண்டு உட்கார்ந்திருப்பது அறிவுடைமையாகாது.

குடிபெயர்வதைக் குடும்பங்கள் தள்ளிப்போடுவதற்குப் பணத்தினும் பெரிய காரணம் நாணம். தாமானிலிருந்து அடுக்குமாடிக்குச் செல்வதை இறக்கம் என உற்றார் பேசுவர் என்னும் அச்சம். சிலர் ஆடியில் குடிபுகலாகாது என்பர். ஆடி போனால் மார்கழி. வழக்கத்தைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஆடி மாதத்திற்கும் 900 வெள்ளி கட்டியாகவேண்டும் என்பதையும் நினைத்தல் நன்று. பாக்கி விழுமுன் குடிபெயர்வோர்க்கு முன்பணம் முழுதும் கைக்கு வரும். பாக்கி விழுந்தபின் செல்வோர்க்கு அது வாடகையிற் கழிந்துபோம். அப்பொழுது புதிய வீட்டு முன்பணத்திற்கு வழியில்லை. தள்ளிப்போடுவதால் வரும் பெருங்கேடு இதுவே.

பாக்கிபட்டோர் சட்டத்தையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். 1948 சனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட வீடுகளுக்குக் காப்பளித்த 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. 2000 சனவரி முதல் அவ்வீடுகளின் வாடகையும் சந்தை விலைக்கு விடப்பட்டது. வீட்டுக்காரர் நீதிமன்ற ஆணையின்றிப் பூட்டை மாற்றிக் குடியிருப்போரை வெளியேற்ற 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டம் இடந்தருவதில்லை. அதேபொழுது, வாடகைப் பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்று வீட்டுச் சாமான்களைக் கைப்பற்ற 1951-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வீட்டுக்காரர்க்கு வழிவகுத்துள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தலும் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியிருத்தலும் இருசாரார்க்கும் காப்பு. முத்திரையில்லா ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏலாது. அடுக்குமாடிக்கெனப் பராமரிப்புக் கட்டணம் ஒன்றுண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பொறுப்பாளர் வீட்டின் உரிமையாளரே. வாடகையோடு சேர்த்து அதையும் கேட்பாராயின் மொத்தத்தை வாடகையாகக் கருதியே கணக்கிடல் வேண்டும். முன்பிருந்தோர் விட்டுச்சென்ற மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் உண்டா எனக் கேட்டறிவதும், சுவர் விரிசல், ஒழுகும் குழாய் முதலியவற்றைப் புகுமுன் படமெடுத்து வைப்பதும் முன்பணத்தைக் காக்கும்.

வீட்டிற்குள் எவற்றைக் கொண்டுசெல்வது? இதில் பெரும்பாலோர் மனம் தலைகீழாகச் செல்கின்றது. தவணையில் வாங்கிய பெரிய சோபாவை நான்காம் மாடிக்குத் தூக்கச் செய்வர்; தையல் இயந்திரத்தை விற்றுவிடுவர். முன்னது கூடத்தின் பாதியை அடைப்பது. பின்னது கூலி ஈட்டுவது. அலமாரி படிக்கட்டின் திருப்பத்தில் திரும்புமா என அளந்து பார்த்தபின் லோரியை அழைத்தல் வேண்டும். பொங்கல் அண்டாவும் ஆட்டுக்கல்லும் உறவினர் வீட்டிலோ கோயிலிலோ இருக்கலாம். மின்தூக்கி இல்லாத மாடிகளில் மேல்தளம் வாடகை குறைவு. பாட்டியுள்ள வீட்டிற்கு அக்குறைவு மலிவன்று. ஒருமுறை ஏறியவர் இறங்காமலே இருந்துவிடுவார். உள்ளேயே அடைந்து கிடக்கும் முதுமைக்கு மருந்துச் செலவு கூடும். நீராட்டு விழா, கருமாதி முதலியவற்றிற்குப் பந்தலிட இடமின்மையால் மண்டப வாடகையும் எப்பொழுதாவது சேரும்.

ஓர் அறையில் மூவர்க்கு மேற்படின் அதனை நெருக்கடி என ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு நிறுவனம் வகுக்கின்றது. கூடத்தோடு சேர்த்து மூன்று அறைகளில் அறுவர் இருப்பது இவ்வளவையின்படி நெருக்கடியன்று. ஆனால் அறுவரில் ஒருத்தி வளர்ந்த மகள் என்பதையும், ஒருவர் இரவு முறை முடிந்து பகலில் உறங்குபவர் என்பதையும் அளவை அறியாது. சென்னையில் ஒண்டுக் குடித்தனம் செய்தோரும் இலங்கை மலையகத்தில் லயன் அறைகளில் வாழ்ந்தோரும் இத்தகைய இடத்தை நேரத்தால் பங்கிட்டனர்: ஒருவர்க்கு விடியல், ஒருவர்க்கு மாலை. அடுக்குமாடிக் கூடத்தையும் அவ்வாறே பங்கிடலாம். மாலை ஏழு முதல் ஒன்பது வரை தொலைக்காட்சி அணைக்கப்பட்டு, உணவு மேசையே படிப்பு மேசையாகுமாயின் பிள்ளையின் கல்வி தப்பும். அவ்விரண்டு மணி நேரத்தை வீட்டார் காத்துக்கொடுப்பது, தனியறை கொடுப்பதற்கு ஒப்பாம்.

குடும்பம் குடிபெயர்ந்ததைப் பள்ளி பெரும்பாலும் முகவரி மாற்றத்தால் அறிவதில்லை. சரியாக உலராத சீருடையின் வாடையாலும், முதற்பாடத்தில் தூங்கி விழும் தலையாலும், திடீரெனக் குறைந்த வீட்டுப்பாடத்தாலும் அறிகின்றது. அத்தகைய மாணவனை வகுப்பின் நடுவே நிறுத்தி, 'இப்பொழுது எங்கே இருக்கிறாய்?' என்று கேட்பது ஆசிரியர்க்கு ஆகாது. தனியே அழைத்துக் கேட்டால் சொல்லிவிடுவான். உரக்கப் படிக்கவேண்டிய பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்கச் செய்து, எழுதுவதை மட்டும் வீட்டிற்குக் கொடுக்கலாம். பகலில் ஒருவர் உறங்கும் வீட்டில் உரக்கப் படித்தல் இயலாது.

பள்ளி மாற்றத்தைப் பற்றியும் பெற்றோர் ஆசிரியரைக் கலப்பது வழக்கம். 150-க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளி குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்தப்படும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையினவே. ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் சென்றுவிட்டால் அத்தகைய பள்ளிக்கு அது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. எனினும் மாணவர் எண்ணிக்கையைக் காக்கும் பொருட்டு 160 வெள்ளி வேன் கட்டணத்தை அக்குடும்பத்தின் தலையில் ஏற்றுதல் முறையாகாது. புதிய வீட்டின் அருகே தமிழ்ப்பள்ளி உள்ளதா என்பதை வீடு பார்க்கும் நாளிலேயே பெற்றோர்க்குச் சொல்லிவிடல் வேண்டும். உண்டெனில், பள்ளியாண்டின் இறுதி விடுமுறையிலேயே மாற்ற விண்ணப்பம் மாவட்டக் கல்வி அலுவலகத்தை அடையுமாறு பார்த்துக்கொள்ளலாம். ஆண்டின் நடுவே வீடு மாறினால், அவ்வாண்டு முடியும்வரை பழைய பள்ளியிலேயே பிள்ளைகள் பயில்வதற்கான வேன் செலவை முன்பணத்தோடு சேர்த்தே எடுத்துவைத்தல் வேண்டும்.