மீன் தொட்டிக்குத் தானே நீர் வார்க்கும் புட்டி

வண்ண மீன் வளர்ப்பு நகரத்தாரின் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். சென்னையில் கொளத்தூர் இவ்வாணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம் என்பது உண்மையே. எனினும் இன்று கிராமங்களிலும் மகளிர் குழுவினர் கப்பி, மோலி போன்ற சிறு மீன்களை வீட்டுத் தொட்டிகளில் வளர்த்து விற்று, குடும்பத்துக்குச் சிறிது வருவாய் தேடி வருகின்றனர். இத்தொழிலுக்குப் பெரும் முதல் தேவையில்லை. நாள்தோறும் கவனம் தேவை. அக்கவனத்தில் முதலாவது, தொட்டியின் நீர் மட்டம் இறங்காமல் பார்த்துக் கொள்வது.

சென்ற கோடையில் நமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். குழு அங்கத்தினர் ஒருவர் திருமணம் ஒன்றுக்காக வெளியூர் சென்று ஒரு வாரம் கழித்துத் திரும்பினார். தொட்டி நீர் முழுவதும் வற்றிவிடவில்லை. இரண்டு விரற்கடை அளவே இறங்கியிருந்தது. ஆயினும் மேற்பகுதியில் பொருத்தியிருந்த சிறு மோட்டார் நீரின்றி ஓடிக் கருகிவிட்டது. நீரோட்டம் நின்றதால் தாய் மீன்கள் பலவும் மடிந்தன. கடன் தவணை கட்ட நம்பியிருந்த மீன்கள் அவை. இந்த நஷ்டத்தைத் தடுக்கக் காலியான ஒரு குளிர்பானப் புட்டியே போதும்.

எவ்வளவு நீர் குறைகிறது?

முதலில் அவரவர் தொட்டியை அளந்தறிதல் வேண்டும். கண்ணாடியில் ஒரு தாள் துண்டை ஒட்டி நீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் அதே வேளையில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியுள்ளது என்று பாருங்கள். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 1 மி.மீ. இறங்கினால் 180 மில்லி லிட்டர் நீர் ஆவியாயிற்று என்று பொருள். 5 மி.மீ. இறங்கினால் 900 மில்லி. ஆகவே 2 லிட்டர் புட்டி ஒன்று இரண்டு நாளைக்கும், இரண்டு புட்டிகள் நான்கு நாளைக்கும் தாங்கும். தொட்டிக்கு மூடியிட்டால் நீர் குறைவதும் குறையும்.

செய்யும் முறை

தொட்டியின் அகலத்துக்குக் குறுக்கே வைக்கத்தக்க மரப்பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொள்க. அதன் நடுவே, புட்டியின் கழுத்து நுழைந்து தோள் மட்டும் தங்கும் அளவுக்குத் துளையிடுக. புட்டி நிறைய நீர் ஊற்றி மூடியை இட்டு, தலைகீழாகக் கவிழ்த்துத் துளையில் நிறுத்துக. வாய் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் நிலையில் கையை நீரில் விட்டு மூடியைக் கழற்றுக. புட்டியின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்திலேயே நீர் மட்டம் நிற்கும். மட்டம் உயர வேண்டுமாயின் பலகையின் கீழே சிறு சட்டங்களை வைத்து உயர்த்துக. 2 லிட்டர் நீர் 2 கிலோ எடை உடையது. ஆதலால் புட்டி சாயாதவாறு பின்சுவரில் ஓர் ஆணி அடித்துக் கயிற்றால் கட்டிவிடுவது நல்லது.

நீர் ஏன் கொட்டிவிடுவதில்லை?

இதைச் செய்து காட்டியபோது முதிய விவசாயி ஒருவர், "ஐயா, தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணி அத்தனையும் கொட்டிவிடாதா?" என்று வினவினார். நியாயமான வினாவே. கோழிக்குஞ்சுகளுக்குத் தட்டில் கவிழ்த்து வைக்கும் நீர்க்குவளையை அவர் அறிவார். அதே தத்துவந்தான் இது. தொட்டி நீரின்மேல் வெளிக்காற்று அழுத்துகிறது. அவ்வழுத்தம் புட்டியிலுள்ள நீரைத் தாங்கி நிற்கிறது. காற்றுக்கு இத்தகைய அழுத்தம் உண்டு என்பதை இத்தாலிய அறிஞர் தாரிசெல்லி 1643-இல் பாதரசத்தைக் கொண்டு விளக்கினார். சுமார் 10 மீட்டர் உயர நீரைத் தாங்க வல்ல காற்றுக்கு ஒரு முழம்கூட இல்லாத புட்டி ஒரு பொருட்டன்று. தொட்டி நீர் குறைந்து புட்டியின் வாய் வெளிப்பட்டதும் ஒரு குமிழி காற்று உள்ளே ஏறும், அந்த அளவுக்கு நீர் இறங்கும், வாய் மீண்டும் மூடிக்கொள்ளும், நீர் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை

புட்டியில் ஊசித்துளை இருந்தாலும் காற்றுப் புகுந்து நீர் முழுவதும் இறங்கிவிடும். ஆகவே முதலில் ஒரு வாளியின்மேல் ஒருநாள் வைத்துச் சோதித்துப் பாருங்கள். மேலே கூறிய தொட்டியில் 2 லிட்டரும் ஒருசேர இறங்கினாலும் மட்டம் 11 மி.மீ.தான் உயரும். விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. இடம் விட்டிருந்தால் வீட்டில் நீர் வழியாது. மேல்நிலைத் தொட்டியுடன் இணைத்த மிதவைக் குழாய் சிக்கிக்கொண்டால் தொட்டி நீர் முழுவதும் வீட்டுக்குள் பாயும். புட்டி பழுதுற்றால் போவது 2 லிட்டரே.

புட்டிமேல் வெயில் படலாகாது. உள்ளிருக்கும் காற்று சூட்டினால் விரிந்து நீரை வெளியே தள்ளும், பாசியும் பிடிக்கும். மெல்லிய புட்டி நசுங்கும். ஆகையால் கெட்டியானதையே தேர்ந்தெடுங்கள்.

பிளீச்சிங் பொடி கலந்த குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்த பின்னரே புட்டியில் நிரப்ப வேண்டும். குளோரின் மீனுக்கு நஞ்சு. வைத்திருக்கும் பாத்திரத்தைத் துணியால் மூடிக் கட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரிலேயே முட்டையிடும்.

யாவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே; அதிலுள்ள உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 45 லிட்டர் தொட்டிக்கு நாள்தோறும் 900 மில்லி கிணற்று நீரைச் சேர்த்துக்கொண்டே வந்தால் 50 நாளில் மேலும் 45 லிட்டர் நீரின் உப்பு வந்து சேரும்; உப்பு இருமடங்காகும். மீனின் கழிவும் அவ்வாறே பெருகும். புட்டி மட்டத்தைக் காக்குமேயன்றி நீரைத் தூய்மை செய்யாது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை இறைத்துப் புது நீர் விடுவது அவசியம். இறைத்த நீர் வீட்டுத் தோட்டத்துக்கு நல்ல உரம். புட்டியில் ஊற்ற மழைநீர் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. அதில் உப்பு மிகக் குறைவு. முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பிறகு பிடித்து, மூடி வைத்துக் கொள்ளுங்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு தொட்டியில் இதை அமைத்துக் காட்டினால், மகளிர் குழுவினர் கண்டு கற்பர். மாணவரும் காற்றின் அழுத்தத்தைக் கண்ணாரக் காண்பர். இனி விசேஷத்துக்கு வெளியூர் செல்பவர் தொட்டியை அளந்து, நாளைக் கணக்கிட்டு, வேண்டிய புட்டிகளைக் கவிழ்த்துவிட்டுக் கவலையின்றிச் சென்று வரலாம்.