கணினிக் காட்சியை வீட்டுத் திரையில் காண்போம்

கண்டு மகிழ்ந்த காட்சியை மீண்டும் காண விழைவது மனித இயல்பு. பள்ளி மேடையில் தம் பிள்ளை ஆடியதையும் பாடியதையும் எத்தனை முறை கண்டாலும் பெற்றோர்க்குச் சலிப்பதில்லை. அன்று தோட்ட வேலையை விட்டு வர இயலாத தந்தைக்கும், நடக்க இயலாத பாட்டிக்கும் அந்நிகழ்ச்சியின் ஒளிப்பதிவே ஒரே வாய்ப்பாகும்.

அத்தகையோருக்காக நாம் ஒருமுறை கலைநிகழ்ச்சிப் பதிவைக் கணினியிலிருந்து வட்டொன்றில் படியெடுத்து அனுப்பினோம். பேத்தியின் நடனத்தைக் காணப் பாட்டி ஆவலோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார். டிவிடி கருவி சற்று நேரம் சுழன்றது; படம் வரவில்லை. வட்டும் பழுதன்று, கருவியும் பழுதன்று. பிழை நம்முடையதே. அஃது யாதென விளக்குவோம்.

கணினி பல மொழி கற்ற அறிஞரைப் போன்றது. தெரியாத முறையில் அமைந்த பதிவாயினும், உரிய மென்பொருளைச் சேர்த்தால் அது படித்துவிடும். டிவிடி கருவியோ தனக்குக் கற்பித்த மொழியை மட்டுமே அறியும். 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த அக்கருவிக்கு வகுக்கப்பட்ட மொழி எம்பெக்-2 என்பதாகும். இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 போன்ற பிந்திய முறைகளில் பதிவு செய்கின்றன. அவற்றை அப்படியே வட்டில் இட்டால் பழைய கருவி திகைத்து நிற்பதில் வியப்பென்ன? ஆகவே மூன்று பணிகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, மாற்றுதல். பதிவை எம்பெக்-2 முறைக்கு மாற்ற வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் நாடுகளுக்குரிய பி.ஏ.எல். முறையில் படத்தின் அளவு 720 × 576 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள்.

இரண்டாவது, அடுக்குதல். மாற்றிய படத்தையும் ஒலியையும் டிவிடி கருவி தேடும் ஒழுங்கில் தனி உறையில் அடுக்க வேண்டும். நூலுக்குப் பொருளடக்கம் போல, எக்காட்சி எங்குள்ளது என்று காட்டும் குறிப்புகளும் அதில் அடங்கும்.

மூன்றாவது, எழுதுதல். வெற்று டிவிடி வட்டில் அவற்றைப் பதிந்து, பதிவை நிறைவு செய்து மூடவேண்டும். மூடாத வட்டைப் பல கருவிகள் ஏற்பதில்லை. இம்மூன்றையும் செய்யவல்ல டிவிடிஸ்டைலர் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

மாணவர்களே, இனி ஒரு கணக்கு. ஒரு வட்டின் கொள்ளளவு 4,700 மில்லியன் பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 37,600 மில்லியன் பிட் ஆகிறது. இரண்டு மணி நேர நிகழ்ச்சி என்றால் 7,200 வினாடிகள். வகுத்துப் பாருங்கள், வினாடிக்கு ஐந்து மில்லியன் பிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். படமும் ஒலியும் இதற்குள் அடங்க வேண்டும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் இப்பங்கு பாதியாகும், படம் மங்கும். ஆதலின் நீண்ட விழாவை இரு வட்டுகளாகப் பிரிப்பதே நன்று.

இன்னொன்றையும் மறத்தலாகாது. மாற்றும்போது படத்தின் தெளிவு ஓரளவு குறையும். இழந்த தெளிவு திரும்பாது. எனவே மூலப் பதிவை அழித்துவிடாமல், வேறோரிடத்திலும் ஒரு படி எடுத்துக் காத்தல் வேண்டும். வட்டு கீறலாம், உடையலாம். மூலம் இருப்பின் மீண்டும் செய்துகொள்ளலாம்.

நாம் இம்முறைப்படி அமைத்த இரண்டாம் வட்டு அவ்வீட்டுக்குச் சென்றது. இம்முறை பேத்தி திரையில் தோன்றினாள். பாட்டியின் முகம் மலர்ந்தது. மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் இவ்வாறு காத்திருக்கும் முதியோர் இருக்கலாம். நீங்கள் கற்ற கணினி அறிவு முதற்கண் அவர்களுக்குப் பயன்படட்டும்.