ஒரு பட்டத்தின் உண்மையான விலை

அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் அரசு சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய இந்த ஏற்பாடு, பள்ளி முடித்து வருபவர்களை வடிகட்டாமல் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாண்டு அசோசியேட் பட்டம் வாங்கலாம். வெல்டிங், நர்சிங் படிக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளை இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில் நிற்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது 11,000 டாலரைத் தாண்டும். ஏழை மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை 2024-25-ல் அதிகபட்சம் 7,395 டாலர் என்பதால், பலருக்குக் கட்டணம் அதிலேயே அடங்கிவிடும். மலிவு என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்கிறவர்கள் முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுகள் கழித்தும் பாதிப் பேர்கூடப் பட்டமோ சான்றிதழோ பெற்றிருப்பதில்லை. பாதி வழியில் இறக்கிவிடும் பஸ்ஸில் டிக்கெட் விலை குறைவு என்பதால் யாருக்கு என்ன லாபம்? ஒரு மாணவரைப் பட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு ஆகிறது என்பதுதான் கல்லூரியின் உண்மையான விலை. தரத்தையும் செலவையும் பலனையும் தனித்தனியே அளந்தால் இது கண்ணில் படாது.

கல்லூரிகள் தங்கள் பட்டதாரி விகிதத்தை வெளியிட வேண்டும் என்று 1990-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், ஆனால் அந்தக் கணக்கு முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டுமே பார்க்கிறது. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள். அவர்கள் அதில் வரவே மாட்டார்கள். பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறி அங்கே நன்றாகப் படிப்பவரும் பட்டதாரியாக எண்ணப்படுவதில்லை. இந்தக் குறைகளைச் சுட்டிக்காட்டிக் கல்லூரி நிர்வாகங்கள் வெகுகாலம் தப்பித்துக்கொண்டன. பகுதிநேர மாணவர்களையும் சேர்த்து எட்டு ஆண்டுகள்வரை பின்தொடரும் கணக்கு பிறகு வந்தது. அதற்குப் பின்னும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. சேரும்போது நான்காண்டுப் பட்டம்வரை போக வேண்டும் என்று சொல்பவர்கள் சுமார் 80 சதவீதம். ஆறு ஆண்டுகளில் அந்தப் பட்டத்தை எட்டுபவர்கள் 16 சதவீத அளவில்தான் இருக்கிறார்கள். ஒரே ஒரு கணினி வகுப்புக்காக வந்து போகிறவர்களும் உண்டு, எல்லோரையும் பட்டத்தை வைத்து அளக்கக் கூடாது என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் அந்த 80 சதவீதம் பேர் தங்கள் விருப்பத்தைத் தாங்களே சொல்லித்தானே சேர்ந்தார்கள்?

வருபவர்கள் ஏழைகள், பள்ளிப் பாடத்தில் பின்தங்கியவர்கள், கல்லூரி என்னதான் செய்யும் என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் நியூயார்க்கில் இருக்கிறது. அந்நகரத்தின் கியூனி பல்கலைக்கழக அமைப்பு 2007-ல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். உதவித்தொகை போக மீதமிருக்கும் கட்டணத்தைத் திட்டம் ஏற்கும், பாடப்புத்தகமும் தரும். தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர்கள்தான் இருந்தார்கள். வழக்கமாக அது பல நூறு. சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான மெட்ரோகார்டு மாதந்தோறும் இலவசமாகத் தரப்பட்டது, ஆனால் ஆலோசகரைப் பார்ப்பது போன்ற திட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டால்தான் கைக்கு வந்தது. பயணச் செலவும் மிச்சம், மாணவர் கண்மறைவாகப் போய்விடவும் முடியாது. இதை எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் கொண்டு சோதித்தது. எல்லோரும் குறைந்த வருமானக் குடும்பத்தினர். அடிப்படைக் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ பின்தங்கியவர்கள். யார் திட்டத்தில், யார் வெளியே என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஆகவே, கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுத்தார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. மூன்று ஆண்டுகளில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள். வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம் பேர். ஆறாம் ஆண்டில் அது 51-க்கு 41 என்று சுருங்கியது. சுருங்கினாலும் பத்துப் புள்ளி வித்தியாசம் நிலைத்தது. நியூயார்க் நகரத்துக்கு மட்டும்தான் இது பலிக்கும் என்றவர்களுக்கு ஒஹையோ பதில் சொன்னது. அங்கே மூன்று கல்லூரிகளில் இதே முறையைப் பின்பற்றியபோது, மூன்றாண்டு விகிதம் 35-க்கு 19.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது பணக் கணக்கு. மூன்று ஆண்டுகளில் ஒரு மாணவருக்குக் கூடுதலாக ஏறத்தாழ 16,300 டாலர் செலவானது. அதாவது வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல். ஆனால் மொத்தச் செலவைப் பட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பட்டத்துக்கான செலவு 11.4 சதவீதம் குறைந்திருந்தது. தலைக்குக் குறைவாகச் செலவிட்ட ஏற்பாடுதான் பட்டத்துக்கு அதிகமாகச் செலவிட்டுக்கொண்டிருந்தது. மாணவர் பக்கத்திலும் இதே கதைதான். பெல் உதவித்தொகை வாழ்நாளில் பன்னிரண்டு செமஸ்டருக்கு மட்டுமே கிடைக்கும். ஒரு தேர்வை வைத்து, கணக்கு போதாது என்று கிரெடிட் இல்லாத முன்தயாரிப்பு வகுப்புகளில் ஒருவரை உட்கார வைத்தால், பட்டத்தை நோக்கி ஓரடியும் நகராமல் அந்தப் பன்னிரண்டில் ஒன்றோ இரண்டோ கரைந்துவிடும். டென்னசி மாநிலம் 2015-ல் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. மாணவர்களை நேரே கல்லூரிக் கணித வகுப்பில் சேர்த்து, கூடவே துணை வகுப்பும் நடத்தியது. முன்பு இப்படிப்பட்ட மாணவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் ஓராண்டில் கல்லூரிக் கணிதத்தைத் தேறினார்கள். மாற்றத்துக்குப் பின் பாதிக்கு மேல். இதே நோக்கத்தில் கலிபோர்னியா 2017-ல் ஒரு சட்டமே போட்டது.

எண்ணிக்கையைக் கேட்டால் கல்லூரிகள் எண்ணிக்கையை உற்பத்தி செய்யும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டன் மாநிலம் பலனைப் பொறுத்து நிதி தந்தபோது, அசோசியேட் பட்டங்களைவிட எளிதில் முடியும் குறுகிய காலச் சான்றிதழ்கள்தான் பெருகின. எனவே பட்டங்களை எண்ணியதோடு நின்றுவிடக் கூடாது. பட்டம் பெற்றவர் என்ன சம்பாதிக்கிறார், மாறிப் போனவரின் கிரெடிட்டுகளைப் பல்கலைக்கழகம் ஏற்றதா என்பதுவரை பார்க்க வேண்டும். ஒஹையோவில் அப்படிப் பார்த்தபோது, ஆறாம் ஆண்டில் திட்ட மாணவர்களின் வருமானம் வெளியே இருந்தவர்களுடையதைவிட 11 சதவீதம் கூடியிருந்தது. அங்கீகாரம் இருக்கிறதே என்று நம்பியும் இருக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் அங்கீகாரத்தை ரத்துசெய்ய அங்கீகார அமைப்பு 2013-ல் முடிவெடுத்தபோது, பிரதானக் குற்றச்சாட்டுகள் நிர்வாகமும் நிதியும் பற்றியவை. 2017-ல் அங்கீகாரம் உறுதியாவதற்குள் மாணவர் எண்ணிக்கை பெருமளவு சரிந்துவிட்டது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் குடும்பம், ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள், பகுதிநேர மாணவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், உங்கள் கிரெடிட்டை எந்தப் பல்கலைக்கழகம் முழுதாக ஏற்கிறது என்ற மூன்றையும் நேரடியாகக் கேட்கலாம். ஆனால் பணம் ஒதுக்குபவர்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பட்டத்துக்கான செலவு குறைவது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். தலைக்கான செலவோ இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே ஏறி நிற்கும். நியூயார்க் அந்த ஏற்றத்தை ஏற்றுக்கொண்டது. சுமார் ஆயிரம் பேரோடு தொடங்கிய ஏசாப், 2018-19 கல்வியாண்டில் 25,000 மாணவர்களை எட்டியது.