ஏலக்காய்க்கு 8 எம்.எம்... ஏர் ரைபிள் குண்டுக்கு?

“அம்மா, எனக்கு இது வராதும்மா. விட்டுர்றேன்.”

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், உசிலம்பட்டி தாண்டும்போது என் மகள் இப்படிச் சொன்னாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். என்.சி.சி. முகாமில் .22 ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்டதில் பிடித்த ஆசை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போடியிலிருந்து மதுரைக்கு ஏர் ரைபிள் பயிற்சி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மூன்று வாரமாக மார்க் சரிந்தது. ஒரு குண்டு நடுவில், அடுத்தது எங்கோ ஓரத்தில்.

“போனைப் பார்த்துக்கிட்டே இருந்தா கவனம் எங்க இருக்கும்?” என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் தப்பு.

அடுத்த வாரம் கோச் அவளைத் திட்டவில்லை. “குண்டு டின்னைக் கொண்டா” என்றார். ரைபிளை மேஜைக் கவ்வியில் அசையாமல் இறுக்கினார். அவளுடைய டின்னிலிருந்து பத்து குண்டு, தன்னிடம் இருந்த புது டின்னிலிருந்து பத்து குண்டு, வேறு வேறு அட்டையில் சுட்டார். புது டின்னின் பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. எங்கள் டின்னின் பத்தும் சிதறிக் கிடந்தன. ரைபிள் அதேதான். பிடித்திருந்தது கையல்ல, இரும்பு. அப்படியானால் பிழை யாருடையது?

உடுக்கை போல ஒரு குண்டு

10 மீட்டர் ஏர் ரைபிளில் போடும் குண்டை ‘பெல்லட்’ என்கிறார்கள். ஈயத்தால் ஆனது. விட்டம் 4.5 மி.மீ., எடை அரை கிராமுக்குச் சற்றே அதிகம். நம்ம கோயில் உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும். முன்பக்கம் தட்டையாக இருப்பதால் அட்டையில் சுத்தமான வட்ட ஓட்டை விழும். பின்பக்கம் பாவாடை போல மெல்லிசாக விரிந்திருக்கும். அழுத்தப்பட்ட காற்று இந்தப் பாவாடைக்குள் புகுந்துதான் குண்டைத் தள்ளுகிறது.

ஈயம் மெத்தென்ற உலோகம். பாவாடையின் ஓரம் லேசாக நசுங்கினாலே போதும். காற்று ஒரு பக்கமாகக் கசியும், குண்டு குழாயை விட்டுச் சாய்ந்து வெளியேறும். எங்கள் டின் மூன்று வாரமாகத் தண்ணீர் பாட்டிலோடு ஒரே பையில், பஸ்ஸில் குலுங்கியபடி போய் வந்திருந்தது. போதாததற்கு, மிச்சமிருந்த வேறொரு கம்பெனி குண்டுகளையும் அதே டின்னில் கொட்டி வைத்திருந்தோம்!

தலைப்பகுதியின் அளவிலும் வித்தியாசம் உண்டு. 4.49, 4.50, 4.51 என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் தனித்தனியாக விற்கிறார்கள். எந்த ரைபிளுக்கு எந்த அளவு ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் பேட்ச் மாறினால் பலன் மாறலாம். அதனால்தான் பெரிய வீரர்கள் பல பேட்ச்களைச் சோதித்து, ஒத்துவரும் பேட்ச்சை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

2 மி.மீ. தூரத்தில் போன இறுதிச்சுற்று

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019, 2023 இரண்டு முறையும் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச்சுற்றில் 60 குண்டுகளுக்கு அவர் எடுத்தது 630.7. பத்தாவது இடம். இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். ஐந்தாவதாக உள்ளே போன இன்னொரு இந்திய வீராங்கனை ரமிதா ஜிண்டால் எடுத்தது 631.5.

வித்தியாசம் வெறும் 0.8. இந்தப் போட்டியில் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 குறையும். அப்படிப் பார்த்தால், 60 குண்டுகளையும் சேர்த்து இருவருக்கும் இடையே இருந்தது சுமார் 2 மி.மீ. தூரம்! இதற்குக் குண்டுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால், அந்த உயரத்தில் குண்டு செய்யும் பிழைக்கு இடமே இல்லை என்பது புரிகிறதல்லவா?

50 மீட்டர் .22 ரைபிளில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. குண்டு வினாடிக்கு 330 மீட்டருக்குப் பதில் 320 மீட்டர் வேகத்தில் போனால், இலக்கை அடையும்போது சுமார் 7 மி.மீ. கீழே இறங்கிவிடும். அங்கே பத்து மார்க் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்.

வீட்டில் சுடும் பிள்ளை இருந்தால்...

கோச் எங்களுக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

* ஆரம்பத்தில் விலை உயர்ந்த குண்டு தேவையில்லை. ஒரே வகையை மாற்றாமல் பயன்படுத்தினால் போதும்.
* இரண்டு டின்னை ஒன்றாகக் கொட்டாதீர்கள். மூடியில் ஸ்பாஞ்ச் வைத்து, குலுங்காமல் கொண்டு போங்கள்.
* கீழே விழுந்த குண்டைத் திரும்பப் போட வேண்டாம்.
* மார்க் எழுதும் நோட்டில் பேட்ச் நம்பரையும் எழுதுங்கள்.
* ஈயம் நஞ்சு. குண்டைத் தொட்ட கையோடு முறுக்கு, பிஸ்கட் சாப்பிடக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அன்று இரவு வீட்டில் டின்னைக் காகிதத்தில் கொட்டினோம். என் மாமியார் போடியில் முப்பது வருஷம் ஏலக்காய் தரம் பிரித்தவர். 8 எம்.எம். சல்லடையில் நிற்பது எது, விழுவது எது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு குண்டை லைட்டுக்கு நேரே பிடித்தார்.

“இது சொத்தைத்தா. இதைப் போட்டா எப்படிப் போகும்?”

ஒரு மணி நேரத்தில் நசுங்கியது தனி, நல்லது தனி, வேற்று கம்பெனி தனி என்று மூன்று குவியல்.

“பொருளைப் பார்க்காம பிள்ளையை வஞ்சீங்களே” என்று எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். என் கணவர் எழுந்து போய் மகளுக்குப் பால் ஆற்றிக் கொண்டு வந்தார். அவர் மன்னிப்புக் கேட்பது எப்போதும் அப்படித்தான்.

“ஏலக்காய்னா கை வாசமா இருக்கும். இதுக்கு சோப்பு வேற போடணுமாக்கும்” என்று முணுமுணுத்தபடி அப்பத்தா கை கழுவப் போனார். மகள் நோட்டை எடுத்து, அடுத்த ஞாயிறு தேதியைப் போட்டு, பக்கத்தில் புது டின்னின் பேட்ச் நம்பரை எழுதினாள்.