கோச்சிங் இல்லாமல் உயிரியல் ஒலிம்பியாட்

சிபிஎஸ்இயின் தலைமையகம் இப்போது டெல்லி துவாரகாவில், 23ஆவது செக்டாரில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள அடுக்ககங்களில் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலும் நீட் என்ற ஒரே பதில்தான் வரும். அதே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உயிரியல் ஒலிம்பியாடுக்கும் போகலாம் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

முதல் படி என்எஸ்இபி. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பர் வாக்கில் நடத்தும் தேர்வு இது. இதில் தேறும் சில நூறு பேர் ஐஎன்பிஓ எழுதுவார்கள். அதை நடத்துவது மும்பை மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். பிறகு ஏறத்தாழ 35 பேருக்கு ஒரு முகாம். அதிலிருந்து நால்வர் இந்திய அணி. சர்வதேசப் போட்டி 1990இல் செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்கியது. இந்தியா 2000 முதல் பங்கேற்கிறது. 2023இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நம் அணியின் நால்வருமே தங்கம் வென்றார்கள்.

வகுப்புக்குப் பணம் கட்டாமல் இதற்குத் தயாராக முடியுமா? முதல் இரண்டு படிகளுக்கு நிச்சயமாக முடியும். என்சிஇஆர்டி நூல்கள் இணையத்தில் இலவசம். ஹோமி பாபா மையம் பழைய ஐஎன்பிஓ வினாத்தாள்களை விடைகளோடு வெளியிட்டிருக்கிறது. பலரும் நேராக ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கேம்பெல் பயாலஜியை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கோடு போட ஆரம்பிக்கிறார்கள். அது நோக்கு நூல். பழைய வினாத்தாளை முதலில் போட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த அத்தியாயத்தை மட்டும் கேம்பெலில் தேடிப் படியுங்கள்.

மனப்பாடம் இங்கே பாதி தூரம்கூடக் கொண்டுபோகாது. ஹார்டி-வீன்பெர்க் சூத்திரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கேள்வியோ இப்படி வரும்: ஓர் ஒடுங்கு மரபுநோய் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, நோயில்லாமல் அந்த அல்லீலைச் சுமப்பவர்கள் எத்தனை பேர்? q² என்பது 0.0001, எனவே q 0.01. 2pq கிட்டத்தட்ட 0.02. அதாவது 10,000 பேரில் சுமார் 200 பேர். நோயாளி ஒருவர், சுமப்பவர்கள் இருநூறு பேர்! இந்த நோயை ஏன் இயற்கைத் தேர்வால் எளிதில் துடைத்தெறிய முடிவதில்லை என்பது அந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும். அப்படி விளங்கிய பிறகுதான் பாடம் படித்ததாகக் கணக்கு.

இன்னொரு சிக்கல் உண்டு. பாடச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, தாவரங்களில் நீர் கடத்தல், கனிம ஊட்டம், செரிமானம் ஆகிய அத்தியாயங்களைப் பதினொன்றாம் வகுப்பு நூலிலிருந்து என்சிஇஆர்டி நீக்கிவிட்டது. சர்வதேசப் பாடத்திட்டத்தில் தாவர உடலியலும் விலங்கு உடலியலும் பெரும்பங்கு வகிக்கின்றன. சீனியர்களிடம் பழைய பதிப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறைதான் தனியாகப் படிப்பவருக்குக் கடினம். ஆனாலும் பால்கனித் தொட்டியில் ரியோ செடி இருந்தால் ஒரு நல்ல பாடம் கையில் இருக்கிறது. இலையின் அடிப்புற ஊதாத் தோலை மெல்ல உரித்து, உப்புக்கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். செல்லை நிறைத்திருந்த ஊதா நிறம் சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். நல்ல தண்ணீர் விட்டால் மெதுவாகத் திரும்ப விரியும். சவ்வூடுபரவலை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. நுண்ணோக்கி இல்லாதவர்களுக்கு, மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும் மனு பிரகாஷின் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. 140 மடங்கு பெரிதாக்கும் என்பதால் இந்தச் சோதனைக்குப் போதும். பள்ளி ஆய்வகத்தில் வாரம் ஒருமணி நேரம் அனுமதி கேட்டாலும் ஆசிரியர்கள் மறுக்கக் கூடாது.

என்எஸ்இபிக்கு வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே ஒருமுறை எழுதிவிடுங்கள். பன்னிரண்டில் மறுபடியும் எழுதலாம்.