வேதத்தில் இல்லாத பாடுகள்

மெல் கிப்சனின் 'தி பாஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' சுவிசேஷத்தைவிட்டு விலகும் இடங்களில்தான் அதன் சர்ச்சையும் இருக்கிறது

"நடந்தது அப்படியே இருக்கிறது." 2003 டிசம்பரில் ஒரு படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்த போப் இரண்டாம் ஜான் பால் இப்படிச் சொன்னதாகச் செய்தி பரவியது. அடுத்த மாதமே அவருடைய செயலாளர் அதை மறுத்தார். ஆனால் மறுப்பு யார் காதில் விழுந்தது? 2004 பிப்ரவரி 25, சாம்பல் புதனன்று 'தி பாஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது சர்ச்சுகள் மொத்தம் மொத்தமாக டிக்கெட் வாங்கின. நடிகர், டைரக்டர் மெல் கிப்சன் கைக்காசு சுமார் 3 கோடி டாலர் போட்டு எடுத்த படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வேதத்தில் உள்ளது உள்ளபடி எடுக்கப்பட்ட படம் என்ற பெயர் அதற்கு இன்றும் இருக்கிறது.

வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் கதை வேறு.

சாட்டையடியை எடுத்துக்கொள்வோம். மத்தேயுவும் மாற்கும் இதற்குச் செலவிடுவது பாதி வசனம். யோவானில் ஒரே ஒரு சிறிய வாக்கியம். லூக்காவிலோ, தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து சொல்வதோடு சரி, அடித்ததாகவே இல்லை. படத்தில் அது சுமார் 10 நிமிடம். முதலில் பிரம்பு. பிறகு முனைகளில் கூர்மையான துண்டுகள் கோத்த சாட்டை. முதுகு முடிந்ததும் உடலைத் திருப்பிப் போட்டு மறுபடியும். ஒரு சேவகன் லத்தீனில் எண்ணிக்கொண்டே போகிறான். சுவிசேஷங்களை எழுதியவர்களுக்கு ரோமச் சாட்டையைத் தெரியாமலில்லை. அவற்றை முதலில் கேட்டவர்களுக்கும் தெரியும். அவர்கள் சொல்லாமல் கடந்துபோன இடத்தைத்தான் கிப்சன் தன் படத்தின் நடுநாயகமாக வைத்தார். கூச்சல் கிளம்பிய பிறகு, 2005-ல் சில நிமிட வன்முறையை வெட்டி இன்னொரு பதிப்பையும் வெளியிட்டார்.

அந்தக் காட்சி முடிந்ததும் பிலாத்துவின் மனைவி வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து மரியாளிடம் கொடுக்கிறாள். மரியாளும் மகதலேனாவும் மண்டியிட்டுக் கல்தரையில் சிந்திய ரத்தத்தைத் துடைத்தெடுக்கிறார்கள். படத்தின் மிக நல்ல காட்சிகளில் ஒன்று. நான்கு சுவிசேஷங்களில் எதிலும் இது இல்லை. பிலாத்துவின் மனைவி மத்தேயுவில் ஒரே ஒரு வசனத்தில் வருகிறாள்: கனவு கண்டு, அந்த நீதிமானை விட்டுவிடும்படி சொல்லியனுப்புகிறாள். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'கிளாடியா' பின்னால் வந்த மரபு.

அப்படியானால் துணி எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் வாழ்ந்த ஆன் கேதரின் எமெரிக் (1774-1824) என்ற கன்னியாஸ்திரீயிடமிருந்து. நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்த எமெரிக், கிறிஸ்துவின் பாடுகளைக் காட்சிகளாகக் கண்டதாகச் சொன்னார். கவிஞர் கிளெமென்ஸ் பிரென்டானோ படுக்கையருகே உட்கார்ந்து கேட்டு எழுதினார். எமெரிக் இறந்து 9 வருடம் கழித்து, 1833-ல் புத்தகம் வந்தது. கைதுசெய்து இழுத்து வரும்போது இயேசுவைச் சங்கிலியோடு பாலத்திலிருந்து கீழே தள்ளுவது, முகம் துடைக்கும் பெண்ணுக்கு செராஃபியா என்ற பெயர் எல்லாம் இந்தப் புத்தகத்தின் கொடை. கிப்சன் இதை மறைக்கவில்லை. ஆனால் படத்தின் தொடக்கத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனம் மட்டும்தான் வருகிறது. எமெரிக்கின் பெயர் வருவதில்லை.

இதில் எது எமெரிக் கண்டது, எது பிரென்டானோ கட்டியது என்பது தீராத வழக்கு. 2004 அக்டோபரில் எமெரிக்குக்கு முக்திப்பேறு பட்டம் அளித்தபோது வத்திக்கான் அவருடைய வாழ்க்கையை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. பிரென்டானோவின் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டது. கோடிக்கணக்கானவர்கள் அந்தப் புத்தகத்தைத் திரையில் பார்த்து முடித்த சில மாதங்களில் இது நடந்தது.

கிப்சன் கைவைத்த இன்னொரு மூலம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் ஆகிர்தா மரியாள் என்ற கன்னியாஸ்திரீ எழுதிய 'கடவுளின் மறைநகரம்'. வீரமாமுனிவர் 1726-ல் முடித்த தேம்பாவணி, சூசையப்பரின் கதையை 3,615 பாடல்களில் விரிக்கிறதே, அதற்கும் இந்த நூல்தான் பெரிய ஆதாரம். சுவிசேஷங்களில் சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆகிர்தா மரியாள் பேசவைத்தார். வீரமாமுனிவர் விருத்தத்தில் பேசவைத்தார். வித்தியாசம் ஒன்றுதான். தேம்பாவணியைக் கையில் எடுக்கும் யாரும் அது சுவிசேஷம் என்று நினைப்பதில்லை. காப்பியம் என்று தெரிந்தே படிக்கிறார்கள். வால்மீகியின் ராவணன் சீதையைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பனின் ராவணன் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். கம்பன் ஏன் மாற்றினான் என்று பட்டிமன்றம் நடத்தலாம். மாற்றவே இல்லை என்று எவரும் வாதாடுவதில்லை.

உண்மையில் கிப்சன் படமாக்கியது சுவிசேஷத்தை அல்ல, சிலுவைப்பாதையை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயில்களில் 14 நிலைகளாக நடக்குமே, அதுதான். மூன்று முறை கீழே விழுவது, வழியில் தாயைச் சந்திப்பது, வெரோணிக்கா முகம் துடைப்பது ஆகிய எதற்கும் வேத வசனம் கிடையாது. தூத்துக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் கோவாவிலும் வளர்ந்த ஒரு கத்தோலிக்கருக்குப் படத்தில் எதுவும் புதிதாகத் தோன்றாததன் ரகசியம் இது. சிறு வயதிலிருந்து சுவரில் பார்த்த படங்கள்தான் திரையில் அசைகின்றன. இதே இரண்டாம் ஜான் பால் 1991-ல் முழுக்க வேத வசனங்களிலிருந்தே எடுத்த புதிய 14 நிலைகளைக் கொண்டுவந்தார் என்பது வேடிக்கை. அதில் வெரோணிக்கா இல்லை, விழுவதும் இல்லை. கிப்சன் பழைய பட்டியலோடு நின்றுகொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்களை ஏற்காத பழமைவாதக் கத்தோலிக்கர் அவர். வியப்பில்லை. வியப்பெல்லாம், 'வேதம் மட்டுமே' என்று சொல்லும் புராட்டஸ்டண்ட் சபைகள் அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு வரிந்துகட்டிக்கொண்டு விளம்பரம் செய்தது பற்றித்தான்.

சில விலகல்கள் சில்லறை. மனந்திரும்பாத கள்ளனின் கண்ணைக் காகம் கொத்துவது சுத்தக் கற்பனை. கொஞ்சம் மலிவான கற்பனையும்கூட. யூதாஸைப் பேய்முகச் சிறுவர்கள் துரத்துவதும் அப்படியே. தச்சுப்பட்டறையில் இயேசு உயரமான மேஜை செய்ய, இதில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று மரியாள் சந்தேகப்படுவது இன்னொரு கற்பனை. இரண்டு மணி நேர ரத்தத்துக்கு நடுவே மூச்சுவிடக் கிடைக்கும் இடம் என்பதால் மன்னித்துவிடலாம். மகதலேனாவை விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணாகக் காட்டியிருப்பது அத்தனை லேசானதல்ல. யோவான் 8-ஆம் அதிகாரத்தில் வரும் அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. மகதலேனாவைப் பற்றி வேதம் சொல்வது ஏழு பேய்கள் நீங்கியதையும், சிலுவையடியில் நின்றதையும், கல்லறைக்கு முதலில் போனதையும்தான். அவள் தலையில் ஏற்றிய பழைய பழியைப் படம் புதுப்பிக்கிறது.

இதைவிடப் பெரிய பழி ஒன்று இருக்கிறது.

பிலாத்து. படத்தில் அவர் மனசாட்சியால் வாடும் அதிகாரி. கைதிக்குக் குடிக்கத் தருகிறார். இரவில் மனைவியோடு உட்கார்ந்து சத்தியம் என்றால் என்ன என்று விசாரிக்கிறார். யோவானில் இயேசுவிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்துபோகும் ஒற்றைக் கேள்வி இங்கே குடும்பக் காட்சியாகிவிட்டது. அதே காலத்தைச் சேர்ந்த யூத அறிஞர் ஃபிலோ எழுதிய பிலாத்து வேறு ஆள்: லஞ்சம், விசாரணையில்லாத கொலைகள், ஓயாத கொடுமை. வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் சொல்வதன்படி, சமாரியர்களைக் கொன்று குவித்ததால்தான் அவருடைய பதவி போனது. அவ்வளவு தூரம் போவானேன்? கலிலேயரின் ரத்தத்தை அவர்களுடைய பலிகளோடு கலந்தவன் பிலாத்து என்று லூக்காவே 13-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. அந்த வசனம் கிப்சனுக்குப் பயன்படவில்லை.

பிலாத்துவை இறக்கிவைத்த பாரம் காய்பாவின் மேல் ஏறுகிறது. பிரதான ஆசாரியர்கள் சிலுவையருகே பரிகசித்ததாகச் சுவிசேஷங்கள் பொதுவாகச் சொல்கின்றன. படத்தில் காய்பாவே கொல்கொதாவுக்கு வந்து நிற்கிறார். மரண நேரத்தில் தேவாலயத்தின் திரை கிழிந்தது என்பது வேதம். படத்தில் தேவாலயத்தின் உள்தளமே பிளக்கிறது, ஆசாரியர்கள் அலறுகிறார்கள். திரை கிழிந்தால் வழி திறந்தது என்று கிறிஸ்தவர்கள் விளக்குவார்கள். கட்டடம் பிளந்தால் தண்டனை என்றுதானே பொருள்? படத்துக்கு நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: இரவு விசாரணையை எதிர்த்துக் குரல் கொடுக்கும் யூதப் பெரியவர்கள் அதில் இருக்கிறார்கள். சிலுவை சுமக்கும் சீமோனை ரோமச் சேவகன் 'யூதன்' என்று ஏளனம் செய்யும்போது நம் பரிவு யார் பக்கம் என்பதில் ஐயமில்லை. மரியாளாக நடித்த ருமேனிய நடிகை மாயா மார்கன்ஸ்டெர்ன் யூதர்.

ஆனாலும் 2003-ல் திரைக்கதைப் பிரதியைப் படித்த கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சிலர் பதறிப்போய் ஆட்சேபங்களை எழுதி அனுப்பினார்கள். திருடிய பிரதி என்று கிப்சன் தரப்பு சண்டைக்கு வந்தது. அறிஞர்களின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. நாடகமாக நடிக்கப்பட்ட பாடுகளைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் யூதர் தெருவுக்குள் புகுந்த சரித்திரம் ஐரோப்பாவுக்கு உண்டு. ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமத்தில் 1634 முதல் நடந்துவரும் பாடுகளின் நாடகத்தை 1934-ல் ஹிட்லர் வந்து பார்த்தார். யூத ஜனங்கள் முழுவதையும் கிறிஸ்துவின் சாவுக்குப் பொறுப்பாக்கக் கூடாது என்று வத்திக்கான் 1965-ல் அறிவித்தது. பாடுகளை நாடகமாக்குவோருக்கு அமெரிக்க ஆயர்கள் 1988-ல் நெறிமுறைகளே வெளியிட்டார்கள். வேதத்தில் இருக்கிறது என்ற சமாதானம் மட்டும் போதாது என்பது அதன் சாரம்.

வாதம் எல்லாம் கடைசியில் மத்தேயு 27:25-இல் வந்து நின்றது. இந்த ரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் வரட்டும் என்று ஜனங்கள் கூவும் இடம். நான்கு சுவிசேஷங்களில் மத்தேயுவில் மட்டும் உள்ளது. ஓபராமர்காவ் நாடகத்தில் 2000-த்தில் அதை எடுத்துவிட்டார்கள். கிப்சன் செய்தது விசித்திரமான சமரசம். வசனத்தை எடுக்கவில்லை, சப்டைட்டிலை எடுத்தார். திரையில் அது அராமிக் மொழியில் பேசப்படுகிறது. கீழே எழுத்து மட்டும் வருவதில்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கடினமான வரியைத் தாண்டிப் போகும் ஆசை தெரியாததல்ல. ஆனால் மூலத்தை உரக்கச் சொல்லிவிட்டு மொழிபெயர்ப்பை விழுங்குவது புதுவகை. வேதத்துக்கு மிக நெருக்கமாகப் படம் வருகிற இடங்களில் ஒன்றைப் பார்வையாளரிடமிருந்து மறைக்க வேண்டியதாயிற்று.

'மூல மொழி' என்ற பெருமைக்கும் கொஞ்சம் உரசிப் பார்த்தல் தேவை. சுவிசேஷங்கள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். கிப்சனும் பெனடிக்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் திரைக்கதையை எழுதியது ஆங்கிலத்தில். அதை அராமிக்கிலும் லத்தீனிலும் பெயர்த்துக் கொடுத்தவர் வில்லியம் ஃபல்கோ என்ற ஏசுசபைப் பாதிரியார். பிறகு அதற்கு ஆங்கில சப்டைட்டில். இப்படிச் சுற்றி வந்ததில் காணாமல்போனது கிரேக்கம்தான். ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் ஆளுநரும் உள்ளூர்க்காரரும் சந்தித்தால் பேசியிருக்கக்கூடிய பொதுமொழி அதுவே. படத்தில் பிலாத்து அராமிக்கில் கேட்க, இயேசு லத்தீனில் பதில் சொல்லி அவரைத் திகைக்கவைக்கிறார். அதுவும் பிற்காலத்துக் கோயில் பூசையின் உச்சரிப்பில். சிலுவையின் மேல்பலகை எபிரெயு, லத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டது என்கிறது யோவான் சுவிசேஷம். நமக்கு ஒரு சின்ன லாபம்: கெத்சமனியில் இயேசு 'அப்பா' என்று கூப்பிடும்போது தமிழ்க் காதுக்கு சப்டைட்டில் வேண்டியதில்லை. ஓசை ஒற்றுமைதான், சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் சிலிர்க்கிறது.

நான்கு நூல்களை ஒன்றாகத் தைப்பதிலேயே ஒரு விலகல் இருக்கிறது. தோட்டத்தில் காது வெட்டுப்பட்டவனின் பெயர் மல்குஸ் என்பது யோவான் மட்டுமே சொல்வது. அந்தக் காதை இயேசு குணமாக்கியது லூக்கா மட்டுமே சொல்வது. படம் இரண்டையும் சேர்த்து மல்குஸை அழகான ஒரு பாத்திரமாக்குகிறது. சரி. ஆனால் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளும் எந்தவொரு சுவிசேஷத்திலும் முழுமையாக இல்லை. மாற்கின் இயேசு கைவிடப்பட்டவராகக் கதறிச் சாகிறார். லூக்காவின் இயேசு பகைவர்களை மன்னித்து, கள்ளனுக்கு ஆறுதல் சொல்லி, பிதாவின் கையில் உயிரை ஒப்படைக்கிறார். யோவானின் இயேசு தாயைச் சீடனிடம் சேர்த்து, வேலையை முடித்த நிம்மதியோடு தலைசாய்க்கிறார். மூன்று மரணங்கள், மூன்று தரிசனங்கள். எல்லாவற்றையும் ஒரே வாயில் வைக்கும்போது மாற்கின் அந்தப் பயங்கர மௌனம் எங்கே போகிறது?

இதைச் செய்யாமலிருக்க முடியும் என்று காட்டியவர் ஒரு நாத்திகர். பியர் பாவ்லோ பசோலினி 1964-ல் எடுத்த 'மத்தேயுவின்படி சுவிசேஷம்' ஒரே நூலோடு நிற்கிறது. வசனங்களையும் மத்தேயுவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மாணவர் ஒருவர் இயேசுவாக, பசோலினியின் சொந்தத் தாய் வயதான மரியாளாக, ஏழைக் கிராமத்து முகங்கள் கூட்டமாக. அவரும் சம்பவங்களை வரிசை மாற்றினார், சிலவற்றை விட்டார். ஆனால் நூலில் இல்லாத பேச்சை இயேசுவின் வாயில் திணிக்கவில்லை. தெற்கு இத்தாலியின் மாத்தேரா நகரில் அவர் எருசலேமைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய 40 வருடம் கழித்து கிப்சன் கேமராவோடு போய் இறங்கியதும் அதே மாத்தேராவில்தான்.

கிப்சன் படத்தில் உயிர்த்தெழுதலுக்குக் கிடைப்பது சுமார் ஒரு நிமிடம். கல் நகர்கிறது, வெளிச்சம் சுவரில் ஊர்கிறது, உள்ளே யாருமில்லாமல் சவத்துணி தளர்ந்து அடங்குகிறது, பிறகு இயேசுவின் பக்கவாட்டு முகம், ஆணித்துளை உள்ள கை. சாட்டைக்குப் பத்து நிமிடம் கொடுத்தவர் இதற்கு இவ்வளவுதானா என்று பல போதகர்கள் குறைபட்டார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று: நான்கு சுவிசேஷங்களில் எதுவும் அந்தக் கணத்தை வர்ணிப்பதில்லை. பெண்கள் வந்து பார்க்கும்போது கல்லறை ஏற்கெனவே காலி. மாற்கின் மிகப் பழைய கைப்பிரதிகளோ, அந்தப் பெண்கள் நடுநடுங்கி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓடிப்போவதோடு முடிந்துவிடுகின்றன.